தடுக்கப்பட்ட பக்கங்கள்

"ஹலோ... ஹலோ, மாஸ்டர்? கேக்குதா? ... நான்தான்டா. ... ஆமா ஆமா, வேலையிலதான் இருக்கேன். நீ கிளாஸ்லயா? ... அப்ப பிள்ளைங்களுக்கு எதையாவது வரையக் கொடுத்துட்டு வெளிய வா. ... இல்ல, சாயங்காலம் வரைக்கும் தாங்காது. இப்பவே வா."

லிஃப்ட் மெக்கானிக் மொட்டைமாடியின் மோட்டார் அறையில் நின்றிருந்தார். கை முழுக்க கிரீஸ். போனைத் தோளுக்கும் காதுக்கும் நடுவே இடுக்கிக்கொண்டு, பள்ளிக்கூடத்து டிராயிங் மாஸ்டர் வராந்தாவுக்கு வரும்வரை காத்திருந்தார். இந்தப் பேச்சை எப்படித் தொடங்குவது என்று காலையிலிருந்து மனசுக்குள் ஒத்திகை பார்த்திருந்தார். இப்போது ஒரு வார்த்தைகூட ஞாபகத்தில் இல்லை.

"வந்துட்டியா? ... பக்கத்துல யாரும் இல்லையே? ... சரி. சுத்தி வளைக்காம கேக்கறேன். நேத்தும் முந்தாநேத்தும் உன் போன்ல என்னப்பா பாத்தே? ... சும்மாவா? சும்மான்னா எனக்கு எதுக்குடா விடாம தகவல் வருது?"

அவர்கள் மூன்று பேர். மெக்கானிக், மாஸ்டர், பேக்கரிக்காரர். மூவரும் ஒரே சபை. சனிக்கிழமை காலையில் பேக்கரியின் பின்னறையில், மாவு மூட்டைகளின் மேல் உட்கார்ந்து ஒருவரையொருவர் கேள்வி கேட்டுக்கொள்வார்கள். இந்த வாரம் யாரிடம் பொய் சொன்னாய்? யார்மேல் எரிந்து விழுந்தாய்? ஜெபித்தாயா? கண் எங்கே அலைந்தது? பதிலை மறைக்கக் கூடாது, கேட்டதை வெளியே சொல்லவும் கூடாது. அதுதான் அவர்களுக்குள் இருந்த வாக்கு. பேக்கரிக்காரரின் யோசனைப்படி மூவரும் போனில் ஒரு காவல் ஆப்பும் போட்டுக்கொண்டார்கள். கெட்ட பக்கம் எதையாவது தொட்டால் அது தடுத்துவிட்டு, மூவரில் ஒருவரான துணையாளுக்கும் மனைவிக்கும் தகவல் அனுப்பிவிடும். மாஸ்டருக்குத் துணையாள் மெக்கானிக்தான். மாஸ்டரைவிட வயதில் மூத்தவர், வீட்டில் ஒருவர்போலப் பழகியவர். இத்தனை காலம் வாயைத் திறக்காமல் கிடந்த அந்த ஆப், இந்த இரண்டு நாளும் ஓயவேயில்லை.

"திட்டறதுக்கு போன் பண்ணலப்பா. ... ம்... ம்... சோதனை யாருக்குத்தான் இல்ல? விழுந்துட்டேன்னு ஒரு வார்த்தை சொல்லு, கை கொடுத்துத் தூக்கிவிடத்தானே நாங்க இருக்கோம். ... இதப் பாரு, காலையில தங்கச்சி எனக்கு போன் பண்ணுச்சு. ... ஆமாடா, உன் வீட்டுக்காரிதான். அதுக்கும்தானே தகவல் போகுது! 'அண்ணா, நீங்களே கேளுங்க, எனக்கு அவர் மூஞ்சியப் பாக்கவே கூசுது'ன்னு ஒரே அழுகை. நான் என்னத்தச் சொல்றது? ... ஒரு நிமிஷம் இரு. யோவ் வாட்ச்மேன்! இன்னும் ஆகலய்யா! அவசரம்னா படியில ஏறச் சொல்லு! ... ம், சொல்லு."

மோட்டார் சூடு அறையை அவித்துக்கொண்டிருந்தது. மெக்கானிக் சட்டைக் கையில் நெற்றியைத் துடைத்தார்.

"என்ன பக்கம்? ... சத்தமா சொல்லுடா, இங்க காத்தாடி இரைச்சல். ... ஆஸ்பத்திரிப் பக்கமா? அதை எதுக்கு தடுக்குது? ... ம்... ம்... மார்புன்னு எழுதியிருந்தா... ஓ! அந்த வார்த்தையப் பாத்துட்டு! அட கூறுகெட்ட மெஷினே!"

அவருக்குச் சிரிப்பு பொத்துக்கொண்டு வந்தது. காலையிலிருந்து நெஞ்சில் உட்கார்ந்திருந்த பாரம் எழுந்து போனதுபோல இருந்தது. சுவரில் சாய்ந்து வாய்விட்டுச் சிரித்தார்.

"அடப்பாவி, இதச் சொல்றதுக்கு என்னடா? ரெண்டு வீட்டையும் கலங்கடிச்சுட்டியே! நான் தங்கச்சிகிட்ட இப்பவே... ஆனா நீ எதுக்கு அதையெல்லாம் தேடி..."

சிரிப்பு பாதியில் நின்றது.

"... யாருக்கு? ... மாஸ்டர். யாருக்குடா? ... தங்கச்சியோட அந்தக் கட்டியா? அது ஒண்ணுமிருக்காதுன்னுதானே டாக்டரம்மா சொன்னாங்க? சும்மா ஒரு டெஸ்ட்டுன்னு... ரிசல்ட் இன்னும் வரலன்னு போன சனிக்கிழமை நீதானே... ... எப்ப வந்துச்சு? ... ம். ... ம். ... ஆண்டவரே."

மெக்கானிக் கருவிப் பெட்டியின்மேல் உட்கார்ந்தார். போனைக் கையில் எடுத்து, காதோடு அழுத்திப் பிடித்துக்கொண்டார். போனெல்லாம் கிரீஸாயிற்று.

"டாக்டரம்மா என்ன சொல்றாங்க? ... திங்கட்கிழமை சேக்கணுமா. ... குணமாயிடும்தானே? ... ம். ... திறந்து பாத்தாத்தான் தெரியுமா. சரி. சரிப்பா. ... தங்கச்சிக்கு எப்படிச் சொன்னே? ... ... இன்னும் சொல்லலியா? டேய்!"

மாஸ்டர் வெகுநேரம் பேசினார். மெக்கானிக் 'ம்' கொட்டிக்கொண்டே கேட்டார்.

"உன் கொழுந்தியா கல்யாணம் முடியட்டும்கிறே. ... ஆமா, தெரியும், கல்யாண உடுப்பத் தங்கச்சிதான் உக்காந்து தைக்குது. ஞாயிற்றுக்கிழமை வரைக்குமாவது அது நிம்மதியா இருக்கட்டும்கிறே. சரி, புரியுது. ஆனா இப்ப நிம்மதியாவா இருக்கு? நீ அசிங்கத்தப் பாத்தேன்னு நினைச்சுக்கிட்டு அழுதுல்ல கிடக்கு! ... ... என்னது? கோவத்துல அழுதா அழட்டுமா? பயத்துல அழக் கூடாதா? ... என்ன பேச்சுடா இது? உன்னக் கேவலமா நினைச்சா பரவாயில்லையா? ... ... டேய். ... டேய், மாஸ்டர்..."

மறுமுனையில் மாஸ்டர் உடைந்துவிட்டார். வராந்தா தூணுக்குப் பின்னால் முகத்தைத் திருப்பிக்கொண்டு அழுகிறார் என்பது மெக்கானிக்குக் கண்ணால் பார்ப்பதுபோலத் தெரிந்தது.

"நான் ஜெபம் பண்ணட்டுமா? ... ம். ... ஆண்டவரே... அன்புள்ள ஆண்டவரே, இந்த நேரத்துல..."

சனிக்கிழமைகளில் ஜெபிக்க ஆரம்பித்தால் அவரை நிறுத்த முடியாது. பேக்கரிக்காரர் அடுப்பை நினைத்து நெளிவார். இன்று அதற்குமேல் ஒரு சொல் எழும்பவில்லை. காத்தாடிதான் இரைந்தது.

"... முடியலப்பா. மன்னிச்சுக்க. ... ம். ... இல்ல, பேக்கரி அண்ணன்கிட்ட மூச்சு விட மாட்டேன். ... தங்கச்சி கேட்டா நான் என்னடா சொல்றது? ... ஆமா, வாக்குதான். நீ சொன்னது வெளிய போகாது. ஆனா பொய் சொல்ல எனக்கு வராதே. அதுக்கும்தானே வாக்கு கொடுத்திருக்கேன்? ... மணியடிக்குதா? இரு, இரு, வச்சிராதே. வீட்டுக்குப் போயி நீயே... ஹலோ? மாஸ்டர்?"

போன் கையிலிருந்து இறங்குவதற்குள் மறுபடி அடித்தது. மாஸ்டரின் மனைவி. அடிக்கட்டும் என்று பார்த்துக்கொண்டே இருந்தார். அது நிற்கவில்லை.

"ஹலோ... சொல்லும்மா. ... ஆமா, பேசிட்டேன். இப்பத்தான் வச்சான்."

அவள் பக்கத்தில் தையல் மிஷின் ஓடும் சத்தம் கேட்டது. தைத்துக்கொண்டே பேசுகிறாள்.

"இல்லம்மா. ... இல்லவே இல்ல. அவன் தப்பா எதையும் பாக்கல. என் பிள்ளைங்க மேல ஆணையாச் சொல்றேன். ... அந்த ஆப் தப்பாப் புரிஞ்சுக்கிச்சு, அவ்வளவுதான். ... அது என்ன பக்கம்னா... அதை அவன்கிட்டயே கேளும்மா. ... எனக்குத் தெரியாதுன்னு இல்ல, தெரியும், ஆனா... ... ... என்ன கேட்டே?"

தையல் மிஷின் நின்றுவிட்டது.

"... ஆஸ்பத்திரியா? நான் ஆஸ்பத்திரின்னு சொல்லலியேம்மா. ... ரிசல்ட்டப் பத்தி நான் ஒண்ணும்... நான் எதுவுமே சொல்லலம்மா. சொல்லக் கூடாதுன்னு அவன்... ... ..."

சொல்லி முடிக்கும் முன்பே, தான் எல்லாவற்றையும் சொல்லிவிட்டது அவருக்குப் புரிந்தது. எழுந்து நின்றார். நின்று என்ன செய்வதென்று தெரியவில்லை. மறுபடி உட்கார்ந்தார்.

"அம்மா? ... லைன்ல இருக்கியா? ... ... யாரு, அவனா? ஸ்கூல்லதான் இருக்கான். ... ஆமா. அழுதான். ரொம்ப அழுதான். ... ... சாப்பிட்டானாவா? ... ரெண்டு நாளா நீ சோறு கட்டிக் கொடுக்கலியா... தெரியலையேம்மா. என்னென்னமோ கேட்டேன், அதக் கேக்கல. ... கதவப் பூட்டறியா? எங்கம்மா கிளம்பறே? ... ஸ்கூலுக்கா? தனியாவா? இரு, இரும்மா, நான் இத மாட்டிட்டு அஞ்சு நிமிஷத்துல... ஹலோ? ... தங்கச்சி? ... ஹலோ?"