மாதா பேர் எழுதிய ஜெர்மன் ஷவல்

திருவொற்றியூர் பஸ்ஸில் முன்சீட்டுக்காரர் மடியில் மண் அள்ளும் ஒரு பழைய ஷவலைக் கிடத்திக்கொண்டு கண்கலங்கினார்.

"இன்னா மாமு, ஷவலுக்கா அழுவுற?" என்றார் பக்கத்து சீட்டுக்காரர்.

"உலகப் போர்ல ஜெர்மன்காரன் தொழிலாளர் படைக்குக் குட்த்த ஷவலுடா. அவன் குத்துன முத்திரையோட பத்திரமா வெச்சிருந்தேன். மச்சான் மீன்புடி போட்டுல ஐஸ் அள்ள எட்த்துகினு பூட்டான்."

"திருப்பிக் குட்த்துட்டான்ல?"

"குட்த்தான். முத்திரைய மெஷின்ல தேச்சி எட்த்துட்டு, போட்டு சாமானுக்கெல்லாம் எழுதற மாதிரி இதுலயும் 'ஆரோக்கிய மாதா'ன்னு பெயிண்ட்ல எழுதிக் குட்த்தான். நாளைக்கு இத்த வாங்க பெங்களூர்லேந்து பழைய சாமான் சேக்கற ஆளு வராரு."

"அவராண்ட இன்னா சொல்லுவ?"

"ஜெர்மன்காரன் வேளாங்கண்ணிக்கு வேண்டிகினு எழுதுனான்னு சொல்லிடுவேன்."

"தமிழ்லயா?"

"மாதாவுக்குத் தமிழ் தெரியும்ல?"