குழாயடியில் பதினஞ்சு நிமிஷம்

கைய எடுக்காதீங்க சார். எடுத்து எடுத்துப் பாத்தா ஆவாது, தண்ணி ஓடிகினே இருக்கணும். பதினஞ்சு நிமிஷம். இப்பதான் ரெண்டு ஆச்சு. வாட்ச்ச நான்தான் கழட்டி உங்க பையில போட்டேன்... அதுக்கு அடியில ஆசிட்டு தங்கிச்சின்னா தின்னுகினே இருக்கும். மஞ்சத்தூளெல்லாம் வேணாம் சார். சோடா உப்பும் கைக்குக் கூடாது. கைக்குத் தண்ணி, தரைக்கு சோடா. நானா சொல்லல, சாலமோன் சாரு செவுத்துல ஒட்டி வச்சிருக்காரு பாருங்க.

ஜரிகை அசலா போலியான்னு ஆசிட்டு உட்டுப் பாக்கற இந்த டெஸ்ட்டு கடைக்கு அவருதான் மொதலாளி. இன்னிக்கின்னு பாத்து வேலூருக்குப் போயிட்டாரு. போன் போட்டுச் சொல்லிட்டேன், வந்துகினு இருக்காரு. ஆட்டோவும் வருது. கை கழுவி முடிச்சதும் டாக்டர்கிட்ட போலாம். என்ன ஆசிட்டுன்னு கேப்பாரு, அதுக்கு பாட்டில் மேல இருந்த பேர போட்டோ எடுத்துகினேன்.

நீங்க அங்கயே நில்லுங்க. நான் பேசிகினே தரைய பாத்துக்கறேன். கண்ணாடி போட்டாச்சு, ரெண்டு கைக்கும் உறை போட்டாச்சு, ஜன்னலத் தொறந்தாச்சு. உள்ள உக்காந்திருந்த ரெண்டு பேரயும் வெளிய அனுப்பிட்டேன். என்னக்கா ஆச்சுன்னு எட்டி எட்டிப் பாக்கறாங்க... வேடிக்கன்னா போதும் இந்த ஆரணி ஜனத்துக்கு, பஸ்ஸக் கூட உட்டுடும்.

எங்கூட தேவகின்னு ஒருத்தி வேல செய்யறா. அவ இருந்தான்னா இந்நேரம் பழந்துணியப் போட்டுத் தொடச்சிருப்பா. இந்த ஆசிட்ட துணியால தொடைக்கக் கூடாது சார். மரத்தூளும் போடக் கூடாது, பொகஞ்சாலும் பொகஞ்சிடும். சோடாவ மொதல்ல ஓரத்துல சுத்திப் போடணும், அப்பறமா நடுவுல. நடுவுல மொதல்ல கொட்டினா அது ஓரமா ஓடிப் போயிடும். எப்டி நொரைக்குது பாத்தீங்களா? அடங்கற வரைக்கும் தொடக் கூடாது. போன மாசம் இதுக்கு ட்ரெயினிங் குடுக்க ஒருத்தரு வந்து, தரையில தண்ணிய ஊத்திட்டு, இத ஆசிட்டுன்னு நெனச்சிக்கங்கன்னாரு. அரநாளு என்னப் போட்டுப் பேஜார் பண்ணாரு. எனக்கா சிரிப்பு தாங்கல. இன்னிக்கி வரல.

ஏழு நிமிஷம். கைய ஆட்டாதீங்க.

தப்பு யாரு மேலன்னு கேட்டா, இந்த கவுண்டரு மேச மேலதான். ஒரு மொழம் அகலத்துல எவனாச்சும் கவுண்டரு போடுவானா? அதுக்கு மேல அந்த பேனு... காத்துல சீட்டெல்லாம் பறக்குது, அதப் புடிக்கறதா, இதப் பாக்கறதா? நீங்களும் கொஞ்சம் பாத்து கைய நீட்டியிருக்கலாம். நான் சொல்றனேன்னு கோச்சிக்காதீங்க.

எங்க, காட்டுங்க. தண்ணியிலருந்து எடுக்காம காட்டுங்க.

மஞ்சளாயிட்ச்சு. இந்த ஆசிட்டு பட்டா அப்டிதான் ஆவும். டாக்டரு பாத்துச் சொல்லட்டும்... தறியில ஒக்கார்ற கையா சார் இது? தலையாட்டறீங்க. நான் வேற, ஏதோ ஜவுளிக்கட ஆளுன்னு நெனச்சிகினு இருந்தேன்.

நொரை அடங்கிச்சு. பிளாஸ்டிக் மொறத்துல வாரி டப்பாவுல போட்டுட்டேன், மேல பேரும் எழுதிட்டேன். இன்னும் ஒரு வேல பாக்கி. நோட்டுல எழுதணும். சிந்தினா, ஒடைஞ்சா, யாருக்கு அடி பட்டாலும் இதுல ஏத்தணும். தேதி போட்டாச்சு. எவ்ளோ சிந்திச்சு... ஒரு டம்ளருக்கும் கம்மி. உங்க பேரு சொன்னீங்களே, தனசேகரன். எழுதியாச்சு. அடுத்தது, காரணம்.

தேவகின்னு எழுதிடலாமா சார்? அவ நாலு நாளு லீவு, கேக்க வரமாட்டா. அய்ய, அப்டி பாக்காதீங்க, சும்மா சொன்னேன்.

உங்க கையும் இல்ல, கவுண்டரும் இல்ல சார். அந்த பாட்டில அதோ அந்த கண்ணாடிக் கூண்டுக்குள்ள வச்சிதான் தொறக்கணும். ஒம்போது அடி நடக்க சோம்பேறித்தனம் எனக்கு. உங்க எதுருலயே சொட்டு உட்டுக் காட்டினா, ராஜம்மா கெட்டிக்காரின்னு நெனப்பீங்கன்னு ஒரு பவுசு வேற. அந்நேரம் பாத்து படவேட்டுலருந்து நாத்தனா போனு. கூழு ஊத்தறதுக்கு வரியா இல்லியான்னு. மூடிய சும்மா மேல வச்சிட்டு பேசப் போயிட்டேன், திருகல. நீங்க டெஸ்ட்டுக்குக் குடுத்த உங்க ஜரிகை நூல எடுக்கதான் கைய நீட்னீங்க, கை பட்டு பாட்டில் சாஞ்சிடுச்சு. மூடிய திருகியிருந்தா பாட்டில் சும்மா உருண்டிருக்கும், அவ்ளோதான்.

எழுதிட்டேன். படிக்கறேன் கேளுங்க. "பாட்டில் மூடியைத் திருகி மூடவில்லை. கூண்டுக்கு வெளியே வைத்தது என் தவறு. ராஜம்மாள்."

இன்னும் மூணு நிமிஷம் இருக்குது சார். கைய எடுக்காம என்னத் திட்டுங்க. நான் வாயத் தொறக்க மாட்டேன்.