நோயெமியின் மணிக்கட்டு

என் அறையில் வருபவர்களின் நாற்காலியும் என் நாற்காலியும் ஒரே உயரம். நானே பார்த்து வாங்கினேன்.

என்மேல் வந்த புகாரை விசாரிக்கும் குழுவில் இருக்கும் நீங்களும் இதே புவெனோஸ் ஐரெஸில் மனநல சிகிச்சை செய்பவர்கள்தான். எந்த முறை என்பதைவிட, சிகிச்சை தருவது யார், அவரை எவ்வளவு நம்ப முடிகிறது என்பதே ஒருவரைக் குணமாக்குகிறது. நாம் எல்லோரும் மாணவர்களுக்குச் சொல்வது இதைத்தான்.

நோயெமி முதல்முறை நாற்பது தெரு நடந்தே வந்தாள். வண்டி எதிலும் ஏற மாட்டாள். மூச்சு நின்றுவிடும் என்று பயம். ஒன்பது மாதம் கழித்து நானே அவளைச் சுரங்க ரயிலில் அழைத்துப் போனேன். மணிக்கட்டில் இரண்டு விரல் வைத்து, "நல்லாத்தான் துடிக்குது, போலாம்" என்றேன். ஆறு நிலையம் போனோம். அதன்பின் ஒவ்வொரு வியாழனும் விடைபெறும்போது கன்னத்தில் முத்தமிட்டுவிட்டு மணிக்கட்டை நீட்டுவாள்.

"இந்த ஊர்ல நாய்க்குக்கூட மனநல டாக்டர் இருக்காங்க, லிலியானா. ஆனா நீ எனக்கு மட்டும்தான்" என்று சிரிப்பாள்.

எனக்கு வேறு யாரும் இல்லை. இதைச் சாக்காகச் சொல்லவில்லை.

மூன்றாம் வருடம் மே மாதம் அவள் அக்கா அசுசெனா மெந்தோசாவில் சாகக் கிடந்தாள். கணையத்தில் புற்று. பஸ்ஸில் பதினான்கு மணி நேரம். நோயெமி இடம் பதிவு செய்துவிட்டு வந்தாள்.

"அக்காவுக்குப் பேச்சு இருக்கறப்பவே போயிடணும். அப்புறம் அங்கயே தங்கிடலாம்னு இருக்கேன், அவ பொண்ணு தனியாயிடுவா. புருஷன விட்டுட்டு வந்தப்பகூட நான் அழல. உன்ன விட்டுட்டுப் போறதுக்கு அழுகை வருது, பாரேன்."

"போயிட்டு வா" என்றேன்.

அவள் இல்லாத வியாழக்கிழமை ஒன்றை நினைத்துப் பார்த்தேன். அதில் ஒன்றுமே இல்லை.

மணிக்கட்டை நீட்டினாள். விரல் வைத்தேன். நிமிடத்துக்கு எழுபத்திரண்டு. பிறகு கேட்டேன்:

"வழியில சான் லூயிஸ் ஊர் தாண்டினா பஸ் எங்கயும் நிக்காதுல்ல?"

விரலை எடுக்கவில்லை. தொண்ணூறு. நூற்றுப்பத்து.

"ஏன் லிலியானா, தப்பா துடிக்குதா?"

"நீயே சொல்லு."

பஸ் நிலையம் வரை போயிருக்கிறாள். படியில் கால் வைத்தும் ஏற முடியவில்லை. மறுநாளும் அப்படியே. அசுசெனா மேலும் பதினொரு நாள் இருந்தாள். கடைசி இரண்டு நாளும் தங்கை வந்துவிட்டாளா என்று கேட்டுக்கொண்டே இருந்ததாகப் புகாரில் எழுதியிருக்கிறது. அந்தப் பதினொரு நாளில் நோயெமி என்னிடம் ஏழு முறை வந்தாள்.

"நீ கூட வாயேன். நீ விரல் வெச்சிருந்தா நான் வந்துடுவேன்" என்று கெஞ்சினாள்.

"அது முறையில்ல, நோயெமி" என்றேன்.

பஸ் நிற்காதே என்று நான் கேட்டது வாய் தவறி வந்ததா என்று கேட்டிருக்கிறீர்கள். இல்லை. எங்கே தொட்டால் அவள் பயப்படுவாள் என்று எனக்குத் தெரியும். மூன்று வருடமாக அவளே சொல்லித் தந்தது. அவள் போகக்கூடாது என்றுதான் கேட்டேன்.

நோயெமிக்கு என்மேல் குறை இல்லை. இப்போது திங்கட்கிழமையும் வருகிறாள், நடந்து.

புகார் கொடுத்திருப்பது அசுசெனாவின் மகள். இருபத்துமூன்று வயது. தாயை இழந்த கோபத்தை எங்கே இறக்கி வைப்பது என்று அவளுக்குத் தெரியவில்லை, பாவம். பொறுமையாகக் கேட்க ஒரு நல்ல ஆள் கிடைத்தால் தேறிவிடுவாள். செவ்வாய்க்கிழமை நான்கு மணிக்கு என்னிடம் இடம் இருக்கிறது என்று அவளிடம் சொல்லுங்கள்.