நிறம் கூடியிருக்கா

பிள்ளத்தாச்சி ஆசைப்பட்டதக் குடுக்கலன்னா பொறக்கற பிள்ளைக்குக் காதுல என்னமோ ஆகும்னு எங்க பெரியத்தை சொல்லுவாங்க. சீழ் வடியும்னாங்களா, காது கேக்காதுன்னாங்களா, சரியா ஞாபகம் இல்ல சம்பந்தியம்மா. நீங்க சொல்றதும் அதேதானே. வாய் கேக்குது, திங்கறா, திங்கட்டும்னு. சரிதான். மாங்கான்னா நானும் விட்டுடுவேன். புளின்னாலும் விட்டுடுவேன். இது அரிசிங்க. வெறும் பச்சரிசி.

இப்படி உக்காருங்க, ஃபேனுக்குக் கீழ. அந்த ரூம் வேண்டாம், அங்க காத்து வராது. அனுராதா இல்லைங்க, வெளில போயிருக்கா. அதனால டீ என் கைதான். பயப்படாதீங்க, சார்ஜாவுல இருவது வருஷமும் நான் போட்ட டீயத்தான் நான் குடிச்சேன். உசுரோடதான் திரும்பி வந்தேன்.

அந்தக் கேரியர இங்க வைங்க. சுவரொட்டியா? மிளகு போட்டு வறுத்திருக்கீங்க, மூடி தொறக்காமலே தெரியுது. ஒரு ஆட்டுக்கு ஒரு மண்ணீரல்தான், அதுக்கும் நாலு பேரு சொல்லி வெச்சிருப்பாங்க. விடிஞ்சும் விடியாம கறிக்கடையில போய் நின்னிருப்பீங்க. ஒண்ணு மொதல்லயே சொல்லிடறேன். எம் பொண்ண நீங்க பாத்துக்கிட்டதுல நான் ஒரு கொறையும் சொல்ல வரல. பெத்த நாங்களே இப்படிப் பாத்திருக்க மாட்டோம்.

நேத்து மத்தியானம் போன்ல நான் ஒழுங்காப் பேசல. டாக்டரம்மா சொன்னத முன்னயும் பின்னயுமா உளறினேன்னு நெனைக்கிறேன். அதனாலதான் நீங்க அப்படிச் சொல்லிட்டீங்க. இப்ப நேர்ல சொல்றேன், ஒரு தடவ முழுசாக் கேளுங்க. அப்புறம் என்ன வேணா திட்டுங்க.

ஆடிப்பெருக்குக்கு பூமிகாவக் கூட்டிட்டு வந்தோமா. ஆத்துல அன்னிக்கு நல்ல தண்ணி. படித்துறையில சிரிச்சிக்கிட்டுத்தான் எறங்கினா. ஏறும்போது பாதியில உக்காந்துட்டா. ஏழாம் மாசம், வயிறு கனம்னு பெத்தவ அனுராதாவே சொன்னா. நான் பக்கத்துல நின்னு பாக்கறேன். கழுத்துல, இதோ இந்த எடத்துல, நரம்பு அடிச்சிக்கறது கண்ணுக்குத் தெரியுது. வெரட்டிப் புடிச்ச ஆட்டுக்குட்டிக்கு அடிச்சிக்குமே, அந்த மாதிரி.

பூஜை முடிஞ்சு, பச்சரிசில வெல்லம் கலந்த காப்பரிசி குடுத்தாங்க. எல்லாரும் ஆளுக்கொரு பிடி. இவ மிச்சமிருந்த கிண்ணத்த மடியில வெச்சிக்கிட்டு ஒரு பருக்கை விடாம தின்னா. திங்கட்டும்னு விட்டுட்டோம். சாமிக்குப் படச்சதுதானே. மறுநாள் மத்தியானம் எல்லாரும் படுத்திருக்கோம், அடுப்படில நறுக் நறுக்குனு சத்தம். எலியா இருக்கும்னு போனா, அரிசி டின் பக்கத்துல தரையில உக்காந்திருக்கா. வாய் நெறைய அரிசி. என்னப் பாத்ததும் அவசரமா முழுங்கப் பாக்கறா, முடியல. கண்ணுல தண்ணி. நிறுத்த முடியலப்பான்னா.

உங்க வீட்லயும் தின்னாளா? எப்பலேர்ந்து? சித்திரையிலேர்ந்தேவா... சரி. சரிங்க. அத டாக்டர்கிட்ட மறக்காம சொல்லணும். இல்ல, உங்களக் கேக்கல. நம்ம வீட்டுக்குள்ளயே ரைஸ்மில் ஓடுதுன்னு கேலி பண்ணுவீங்களாமே, அவளே சொல்லிச் சிரிச்சா. நானா இருந்தாலும் கேலிதான் பண்ணியிருப்பேன். நெல்லு வெளயற ஊர்ல அரிசி திங்கறத யாரு சீக்குன்னு நெனப்பா?

டாக்டரம்மாகிட்ட கூட்டிட்டுப் போய்க் காட்டினோம், அது ஆசை இல்லையாம். ஒடம்புல இரும்புச் சத்து வத்திப் போனா சில பேருக்கு வாய் இப்படி அலையுமாம். சில பேரு மண்ணத் திம்பாங்க, சில பேரு சாம்பல், நம்மூர்ல விபூதி. கொடுமை என்னன்னா, அரிசில அந்தச் சத்து பேருக்குத்தான் இருக்கு. தாகத்துக்கு உப்ப அள்ளித் திங்கற கதை. தின்னத் தின்ன வாய் கேட்டுக்கிட்டே இருக்கும், ஒடம்புக்கு ஒண்ணும் போய்ச் சேராது.

நிறமா? ஆமா, நிறம் கூடியிருக்கா, மொகம் பளிச்சுனு ஆயிடுச்சுன்னு எல்லார்கிட்டயும் சொன்னீங்க. நாங்களும்தான் சொன்னோம். தோஹாவுலேர்ந்து மாப்பிள்ளை வீடியோ கால்ல பாத்துட்டு, மாமா நீங்க கொண்டாந்த குங்குமப்பூ ஒரிஜினல்னார். நான் அத டீக்கடை வரைக்கும் போய்ச் சொன்னேன். டாக்டரம்மா அவ கண்ணோட கீழ் எமைய இழுத்து, என்னையும் கிட்ட வந்து பாக்கச் சொன்னாங்க. செவப்பா இருக்க வேண்டிய எடம் வெளுத்த வேட்டி மாதிரி இருக்கு. நாக்கும் அப்படி. உள்ளங்கையும் அப்படி. நகமெல்லாம் குழி விழுந்து கெடக்கு, நான் இத்தன நாள் அந்தக் கையப் பாக்கவே இல்ல. அது நிறம் இல்ல சம்பந்தியம்மா. ரத்தம் இல்லாத வெளுப்பு. அதத்தான் நாம ரெண்டு வீடும் சேந்து கொண்டாடியிருக்கோம்.

மாத்திரை குடுத்தீங்க, தெரியும். நர்ஸம்மா குடுத்தத ஒரு நாள் விடல. டாக்டரம்மா மாத்திரை போட்டியான்னு அதட்டினப்போ இவ உங்களுக்காகச் சண்டைக்கே போனா. எங்க அத்தை கையாலயே வாயில போட்டு, குங்குமப்பூ போட்ட பாலச் சூடாக் குடுத்து, நான் குடிச்சு முடிச்சப்புறம்தான் படுக்கப் போவாங்கன்னா. டாக்டரம்மா எழுதிக்கிட்டிருந்த பேனாவக் கீழ வெச்சிட்டாங்க.

பால்ல சுண்ணாம்புச் சத்து இருக்குல்ல, அது இரும்ப ஒடம்புல ஒட்ட விடாதாம். டீயும் அப்படித்தான். மாத்திரை உள்ள போவும், பாதிக்கு மேல அப்படியே வெளில போயிடும். எலுமிச்சந்தண்ணில குடுத்திருந்தா நல்லாப் புடிச்சிருக்குமாம். பால ரெண்டு மணி நேரம் தள்ளிக் குடுத்திருந்தாப் போதுமாம். அழாதீங்க. அது மட்டுமே காரணம் இல்லன்னும் சொன்னாங்க. கல்யாணத்துக்கு முன்னாடி எங்க வீட்ல இருந்தப்பவே கொறச்சலாத்தான் இருந்திருக்குமாம். நானும் யோசிச்சுப் பாக்கறேன். சார்ஜாவுல உணவு சாமான் குடோன்ல டப்பா டப்பாவா லேபிள் படிச்சவன் நான். அயர்ன் எவ்வளவு, கால்சியம் எவ்வளவு, இங்கிலீஷ்ல மனப்பாடம். ரெண்டும் வயித்துக்குள்ள போய் மல்லுக்கு நிக்கும்னு எந்த டப்பாலயும் போடல. படிச்சது வேற, ஒடம்பு வேறன்னு இப்பத்தான் புரியுது.

பிள்ளையா? பிள்ளை நல்லா இருக்கு. வளத்தி சரியா இருக்கு. அதக் கேட்டப்புறம்தான் எனக்கு பயம் ஜாஸ்தியாச்சு. நீங்க கடைமடைக்காரங்க, உங்களுக்குத் தெரியாததா? வாய்க்கால்ல கொஞ்சமாத் தண்ணி வந்தா தலைமடைக்காரன் பாய்ச்சிக்குவான், கடைசி வயக்காரன் வெடிச்ச மண்ணப் பாத்துக்கிட்டு நிப்பான். வயித்துல இருக்கறது தலைமடை. தனக்கு வேணுங்கறத எடுத்துக்குது. எம் பொண்ணு கடைசி வயல்.

பதினொண்ணு இருக்கணுமாம் அந்த ரத்த அளவு. இவளுக்கு ஆறுகூட இல்ல. எந்தப் பிரசவத்துலயும் கொஞ்சம் ரத்தம் போகும். உங்களுக்கும் போயிருக்கும், அனுராதாவுக்கும் போச்சு. அந்தச் சாதாரணமாப் போறதத் தாங்கவே இவகிட்ட ரத்தம் இல்லன்னாங்க. வலி முன்னாடியே வந்தாலும் வந்துடுமாம். வந்தா என்ன ஆகும்னு கேட்டேன். ஆரம்பிச்சவங்க பூமிகாவப் பாத்துட்டு நிறுத்திட்டாங்க. அந்த நிறுத்தினதுதாங்க காதுலயே நிக்குது. இந்தாங்க, டீ. புடிச்சிக்குங்க, சுடும்.

சுவரொட்டி நல்லதுதான். முருங்கைக்கீரை, கேழ்வரகு, ஈரல், எல்லாம் சரின்னுதான் சொன்னாங்க. ஆனா அதெல்லாம் மெல்ல ஏர்றது. மாசக்கணக்கு ஆகும். பயிர் கருகிக்கிட்டு நிக்கும்போது வாய்க்கா வெட்ட ஆரம்பிச்சா எப்படி? இன்ஜின் வெச்சு எறச்சாவது மொதல்ல ஒரு தண்ணி விட்டாகணும்ல. தஞ்சாவூருக்குக் கூட்டிட்டுப் போய் ரத்தம் ஏத்துங்க, தள்ளிப் போடாதீங்கன்னாங்க.

நீங்க போன்ல சொன்னது ஞாபகம் இருக்கு. அடுத்தவங்க ரத்தம், யாரு என்னன்னே தெரியாதுன்னீங்க. வளையல் போடப் போற கையில ஊசி ஏத்தி நோயாளி ஆக்காதீங்கன்னீங்க. நானே வந்து கூட்டிட்டுப் போறேன், ஆவணி மொத வெள்ளி வளைகாப்பு முடியட்டும், அப்புறம் பாத்துக்கலாம்னீங்க. மாப்பிள்ளையும் பேசினார். அம்மா சொல்றபடி செய்ங்க மாமான்னார். பொண்ணக் குடுத்தவன் நான், உங்களோட மல்லுக்கட்டினா நாளைக்கு அவதானே அந்த வீட்ல வாழணும்? ம், ம்னு கேட்டுக்கிட்டேன். போன வெச்சிட்டு வாசல்ல போய் நின்னேன். உள்ளேர்ந்து மறுபடியும் அந்தச் சத்தம். நறுக் நறுக்குனு. அவளால நிறுத்த முடியல.

நீங்க ஏன் கொரலத் தாழ்த்திப் பேசறீங்க? சத்தமாவே பேசுங்க. அவளக் கூட்டிட்டுப் போகக் கொண்டாந்த கார் வாசல்ல நிக்குது, பாத்தேன். டிரைவருக்கும் டீ குடுத்துட்டேன்.

எந்திரிக்காதீங்க சம்பந்தியம்மா. அந்த ரூம்ல யாரும் இல்ல. அனுராதா அவகூடத்தான் இருக்கா. நேத்து உங்ககிட்ட பேசி முடிச்சதுமே வண்டி சொல்லி தஞ்சாவூர் பெரியாஸ்பத்திரில கொண்டு போய்ச் சேத்துட்டேன். ரத்தம் ஏறிக்கிட்டிருக்கு. உங்களுக்கு நேர்ல சொல்லணும்னு காலைல பஸ் புடிச்சு வந்தேன். சம்மதம்னு பூமிகா கையெழுத்துப் போட்டா. அதுக்குக் கீழ நான் போட்டேன்.