புத்தகத்தில் இல்லாத பதிமூன்றாவது நகர்த்தல்

கெலுகோரிலிருந்து ஜெட்டிப் படகுத்துறைக்குப் போகும் பஸ்ஸில் என் முன்னிருக்கையில் இரண்டு பெண்கள் உட்கார்ந்திருந்தார்கள். இளையவள் சன்னலைப் பார்த்தபடியே சொன்னாள்.

“அக்கா, நேத்து எங்க அண்ணன் புதுசா ஒரு மூவ் ஆடினாரு.”

“அவரு இறந்து போயி ஒரு வருஷமாச்சே!”

“செஸ்ஸுக்குக் கம்ப்யூட்டர்ல ஓப்பனிங் புக் எழுதி வச்சிருந்தாருல்ல? மொத பன்னெண்டு மூவ் கம்ப்யூட்டர் யோசிக்காது, அவரு எழுதினத அப்படியே ஆடும். அதுக்கப்புறம்தான் சொந்தமா யோசிக்கும். நான் தினமும் பன்னெண்டோட நிறுத்திடுவேன். அதுவரைக்கும் அண்ணனோட ஆடுற மாதிரி இருக்கும் லா.”

“நேத்து என்னாச்சு?”

“நான் நிறுத்துறதுக்குள்ள பதிமூணாவதும் யோசிக்காம டக்குனு வந்துச்சு. புக்கத் திறந்து பாத்தேன். பன்னெண்டோடதான் முடியுது.”

“நீ ஏதாச்சும் தட்டியிருப்ப.”

“நான் தொடவே இல்லக்கா. ராஜாவ மூலைக்கு நகர்த்திச்சு. அங்க அதுக்கு அவசியமே இல்ல. அண்ணன் பயந்தா மட்டும்தான் அப்படி ஆடுவாரு.”

பஸ் சிக்னலில் நின்றது. மூத்தவள் குரலைத் தாழ்த்திக்கொண்டு கேட்டாள்.

“கம்ப்யூட்டர அணைச்சிட்டியா?”

“இல்லக்கா. இப்ப என் முறை. அவரு காத்துக்கிட்டு இருக்காரு.”