நுரை வராத லோஷன்

அலோ... அலோ... மெடிக்கல் ஷாப்புங்களா? சார், அருள்மேரி கீறாங்களா? ... பில்லு போடுறாங்களா? கொஞ்சம் கூப்பிடுங்க சார், அவசரம். ... இல்ல சார், மருந்து வேணாம், அவங்ககிட்டதான் பேசணும். ... தையல்நாயகின்னு சொல்லுங்க. சேலையூர்லேர்ந்து. ... தெரியும் சார், கடை போன்ல சொந்தக் கதை பேசக்கூடாதுதான். ரெண்டே நிமிஷம் சார். உங்களுக்குக் கோடிப் புண்ணியம்...

மேரி? நான்தான்டி. ... ஆமா, ஆமா, அம்மை போட்டவ எழுந்து வந்து போனைத் தொடக்கூடாதுதான். வூட்ல ஒருத்தரும் இல்ல. எல்லாரும் அங்காளம்மன் கோயிலுக்குப் போயிகீறாங்க. எனக்காக வேண்டிகினு. எங்க வூட்டுக்காரரு ஈரத்துணியோட கோயிலைச் சுத்தி உருளப் போறாரு. எனக்காக மேரி...

நான் சொல்றதைக் கேளு. எனக்கு அம்மை இல்ல.

... இல்லடி. அம்மையே இல்ல. ... கத்தாத, உங்க ஓனரு காதைத் தீட்டிகினு நிப்பாரு. ... கிரீம்டி, கிரீம். என் நாத்தனாரு கனகவல்லியோடது. அவ புருஷன் துபாய்லேர்ந்து அனுப்பிச்சான் பாரு, மூஞ்சி பளபளன்னு ஆவும்னு. ... ஆமா, அதான். ... கேக்கல. அவகிட்ட கேட்டா குடுத்துடுவாளா? பீரோவுலேர்ந்து எடுத்தேன். சனிக்கெழம ராத்திரி கழுத்து வரைக்கும் தடவிகினு படுத்துட்டேன். ... முழு ராத்திரியும். ... திட்டு. நல்லாத் திட்டு.

எனக்குத் தெரியும்டி, வறண்ட தோலு, எது பட்டாலும் எரியும். இந்த போர் தண்ணியில கழுவிக் கழுவி மூக்கோரம் எல்லாம் செதில் செதிலா உரிஞ்சி கெடந்திச்சு. வேலையில சேர்ற மொத நாளு இந்த மூஞ்சியோடவா போறதுன்னு... ஒரு நாள், ஒரே ஒரு நாள் நல்லா இருக்கணும்னு நெனச்சேன். அது தப்பா?

... காலையில எழுந்தா மூஞ்சியெல்லாம் செவசெவன்னு, பொடிப் பொடியா கொப்புளம். அத்தே பாத்தாங்க. பாத்த ஒடனே கன்னத்துல போட்டுகினு, 'அம்மா வந்துட்டா'ன்னாங்க. நான் வாயைத் தொறக்கல. ... எப்பிடிச் சொல்றது? திருடிப் பூசிகினேன்னு சொல்லவா? அம்மைன்னா யாரும் திட்ட மாட்டாங்க. வாயை மூடிகினேன். உடம்பு கொதிக்குதான்னு கேட்டாங்க, ஆமான்னேன்.

ஆமா... ஆமா... அஞ்சு நாளா. வாசல்ல வேப்பிலை. வூட்ல தாளிக்கறது இல்ல. கவுச்சி இல்ல. அவரு ஷேவ் பண்ணல, செருப்பு போடல. இந்த வெயில்ல வெறுங்காலோட சைக்கிள் மிதிச்சுகினு கம்பெனிக்குப் போறாரு மேரி. மஞ்சளும் வேப்பிலையும் அரைச்சி மூணு வேளை என் மூஞ்சியில அப்புறாங்க. கிரீம் எரிச்சல் ஒரு பக்கம், அது மேல இது. கத்த முடியாது. கத்துனா 'அம்மா கோவமா கீறா'ன்னு இன்னும் ரெண்டு கை சேத்துப் பூசுறாங்க.

... சிரிக்காத! ... சரி, சிரிக்கல. இப்ப நான் இன்னாத்துக்கு போன் பண்ணேன்னு கேளு.

இன்னிக்கி வியாழக்கெழம. வேலையில சேர ஆர்டர்ல போட்டிருக்கிற கடைசி நாளு இன்னிக்கிதான். செங்கல்பட்டு ஆபீஸ்ல போய் கையெழுத்து போடணும். ... முன்னாடியே போயிருக்கலாம்தான். அத்தேதான் வியாழக்கெழம நல்ல நாளு, அன்னிக்கி சேருன்னாங்க. சரின்னுட்டேன். ... டைம் கேட்டு தந்தி அடிச்சாச்சே. அத்தேயே ஆள் வுட்டு அடிச்சேன்னாங்க. அத நம்பிகினுதான் படுத்துக் கெடந்தேன். இப்ப எல்லாரும் போன பெறவு மனசு கேக்காம ஆபீஸுக்குப் போன் போட்டேன். அந்த ஹெட்கிளார்க்கு, தட்சிணாமூர்த்தின்னு பேரு சொன்னாரு... தந்தியே வரலையாம்டி. ஒண்ணியும் வரலையாம். சாயங்காலம் அஞ்சு மணிக்குள்ள ஆளு வரலைன்னா லிஸ்ட்ல அடுத்த பேருக்குப் போயிடுமாம்.

மேரி, நான் டைப்ரைட்டிங் ஹையர் பாஸ் பண்ணி நாலு வருஷம் ஆச்சு. இந்த வேலைக்காக மூணு தபா பரீட்சை எழுதினேன். இது போனா எனக்கு வேற ஒண்ணியும் இல்ல. செத்துடலாம் போலக் கீது.

... சரி, சொல்லல. அப்பிடிச் சொல்ல மாட்டேன். ... போலாம்டி, போலாம், ஆனா எப்பிடிப் போறது? மூஞ்சியில ஒரு வெரல் தடிப்புக்கு பச்சையா அப்பி வெச்சிகீது. காய்ஞ்சி போயி வாயைத் தொறந்தா வெடிக்குது. இதோட ரயில் ஏறுனா பக்கத்துல எவ உக்காருவா? அந்த ஆபீஸ்ல படி ஏற வுடுவாங்களா? ... கழுவக்கூடாது! நாளைக்கிதான் தலைக்கு மொதத் தண்ணி ஊத்துவாங்க. அதுக்கு முன்னாடி தண்ணி பட்டா சாமி குத்தம்.

... தெரியும், எனக்கு அம்மை இல்லன்னு எனக்கே தெரியும். ஆனா அம்மன் பேரைச் சொல்லிப் பொய் சொன்னவ நானு. அது மேல அவ தண்ணியையும் மீறணுமா? எனக்கு பயமா கீது மேரி. உனக்கு இது புரியாது. ... கோச்சுக்காத.

அதான்... அந்த லோஷன். நீ குடுத்தியே. ரெண்டு மாசத்துக்கு முன்னாடி, அந்தத் தோல் டாக்டரு மூஞ்சி கழுவ எழுதிக் குடுத்தாரே, வெள்ளையா, கொழகொழன்னு. ... கீது, கீது. என் பொட்டியில பொடவைக்கு அடியில கெடந்திச்சு, எடுத்துகினு வந்துட்டேன். ... ஒரு தபா கூட போடல. ஒரு சொட்டு எடுத்துத் தேய்ச்சிப் பாத்தேன், நுரையே வரல. வாசனையும் இல்ல. கஞ்சித் தண்ணி மாதிரி கீது, இதுக்கா இவ்ளோ வெலன்னு மூடி வெச்சிட்டேன். நுரை வந்தாதான அழுக்கு போவும்? ... சரி தாயே, போவாதுன்னு நெனச்சது என் புத்தி.

அதுக்குத் தண்ணியே வேணாம்னு நீதான சொன்ன? பூசித் தொடைச்சாலே போதும்னு? ... நெசமாவா? ... என் கையில பாட்டிலு கீது. நீ சொல்லச் சொல்ல செய்யறேன். லைன்லயே இரு. ... யாரு? ... குடு, குடு, இருமல் டானிக்குதான, எடுத்துக் குடுத்துட்டு வா. நான் புடிச்சுகினு கீறேன்.

...

ஆங். சொல்லு. ... பஞ்சா? பஞ்சுக்கு எங்க போவேன்? ... இரு. வெளக்குத் திரிக்கு வெச்சிருக்கிற பஞ்சு கீது. சாமி மாடத்துல. ... எடுத்துக்கட்டுமா? ... சரி. எடுத்துட்டேன். மன்னிச்சிக்க தாயே... உன்னச் சொல்லல, மேரி.

ரிசீவரைத் தோள்ல இடுக்கிகினேன். ஊத்துறேன். ... எவ்ளோ? ... அவ்ளோவா? ... கன்னத்துல வெச்சிட்டேன். ஐயோ... சில்லுனு கீது. ... இல்ல, தேய்க்கல, மெதுவாதான். ... வட்டமா. ஆமா. ... ஊற வெக்கணுமா? சரி.

எரியல.

மேரி, எரியல! அஞ்சு நாள்ல மொதத் தபா எரியல. ... மஞ்சள் அப்பிடியே இளகுது. கொழைஞ்சி வருது. ... தொடைக்கறேன். ஐய, பஞ்சு பூரா பச்சை. ... இன்னொரு தபா ஊத்துறேன். நெத்தியில. மூக்கோரம்... அங்கதான் எப்பவும் உயிர் போவும். ... இல்ல. ஒண்ணியும் பண்ணல. தொட்டா தொட்ட மாதிரியே இல்லடி. நுரை வரலன்னா இன்னா இப்ப!

... கண்ணாடி இல்ல. மொத நாளே அத்தே எடுத்து ஒளிச்சி வெச்சிட்டாங்க. அம்மா வந்தவ தன் மூஞ்சியைத் தானே பாத்துக்கக் கூடாதாம். ... இரு, எவர்சில்வர் தாம்பாளம் கீது. ஜன்னலாண்ட புடிக்கிறேன்...

... மேரி. கொப்புளம் இல்ல. ... இல்லவே இல்ல. எப்ப அடங்குச்சோ தெரியல. செவப்பு கீது. தோலு உரியுது. மஞ்சக் கறை கொஞ்சம் நிக்குது. ஆனா... மூஞ்சிதான்டி. என் மூஞ்சிதான். ... போலாமா? இதோட போலாமா? ... வண்டி எப்ப? உங்க கடையாண்ட டைம் அட்டை தொங்குமே, பாத்துச் சொல்லு...

இரு. கேட் சத்தம்.

ஐயோ, அத்தே. ... தனியாத்தான் வராங்க. பூசை இன்னும் முடிஞ்சிருக்காதே, இன்னாத்துக்கு இப்பவே... வெச்சிடாத மேரி. கடவுளே, வெச்சிடாத, நீ லைன்ல இருந்தா எனக்கு தைரியம்...

வாங்கத்தே. ... மேரிங்கத்தே. தாம்பரத்துல மருந்துக் கடையில கீறாளே, அவ. ... ஆமா. எழுந்து வந்துட்டேன். ... தொடைச்சிட்டேன். தண்ணி படலத்தே, சத்தியமா தண்ணி படல, இது லோஷன்... அத்தே, நான் ஒண்ணு சொல்லணும். நீங்க அடிச்சாலும் பரவால்ல. எனக்கு அம்மை இல்ல. கனகா கிரீமை எடுத்துப் பூசிகினேன். அது ஒத்துக்கல. உங்ககிட்ட சொல்லப் பயந்துகினு...

...

இன்னாது?

... தெரியுமா?

... எப்பத்தே? ... ஞாயித்துக்கெழமயேவா? ... தலகாணி உறையில கிரீம் ஒட்டிகினு இருந்திச்சா. ... ஆமா, உறையைத் தோய்ச்சது நீங்கதான. ... ஆமா, நெசமான அம்மைன்னா மூஞ்சியோட நிக்காது, உடம்பெல்லாம் எறங்கும். மூணு புள்ளைங்களுக்கு அம்மை பாத்தவங்க நீங்க. உங்களுக்குத் தெரியாம இருக்குமா...

அப்போ ஏன் அத்தே? அஞ்சு நாளா வேப்பிலைய அரைச்சி அரைச்சி... எரியுதுன்னு நான் துடிச்சனே, பாத்துகினுதான இருந்தீங்க?

... சொல்லுங்க. ... சொல்லுங்க அத்தே, தலையைக் குனியாதீங்க. ... தந்தி? ... அந்தத் தந்தி இன்னா ஆச்சு?

...

அடிக்கவே இல்ல.

மேரி, கேட்டுகினு கீறியா? தந்தி அடிக்கவே இல்லையாம். ... நீ சும்மா இரு. நான் பேசிக்கறேன்.

... அவருக்குத் தெரியுமா? ... தெரியாது. அம்மா மேல ஆணையா? ... சரி. நம்பறேன். அவருக்குத் தெரிஞ்சா இப்பிடி வெறுங்காலோட போயிருக்க மாட்டாரு. ... பாவம் அத்தே அந்த மனுஷன். நம்ம ரெண்டு பேரும் பொய் சொல்லி, அவரு ஒருத்தரு உருள்றாரு.

... தனிக்குடித்தனமா? யாரு சொன்னது உங்களுக்கு? ... எந்த மருமவ? ... பக்கத்துத் தெரு மருமவ வேலைக்குப் போனா, அவளும் அவ புருஷனும் பெருங்களத்தூர்ல பிளாட் வாங்கிகினு போனாங்க. சரி. அதுக்கு நான் இன்னா பண்ணேன்? ... நானும் அவரைக் கூட்டிகினு போயிடுவேன்னு பயமா? அதுக்கா அத்தே? இன்னிக்கித் தேதி முடியற வரைக்கும் என்னை இந்த ரூம்ல படுக்க வெச்சிட்டா போதும்னு... காவல் காக்கத்தான் பூசை முடியறதுக்குள்ள ஓடி வந்தீங்களா?

என்னைக் கூப்பிட்டு ஒரு வார்த்தை கேட்டிருக்கலாமே. போவாதடின்னு சொல்லியிருந்தா சண்டையாவது போட்டிருப்பேன். சாமியை எதுக்கு அத்தே நடுவுல இழுத்தீங்க? ... ஆமா. நானும்தான் இழுத்தேன். இல்லன்னு சொல்லல. மொத பொய்யி என்னோடதுதான்.

... அவருகிட்ட சொல்லுவீங்களா? சொல்லுங்க. ... 'போனா சொல்லுவேன், போவலன்னா சொல்ல மாட்டேன்'னு கணக்கு வேணாம். நானே சொல்லிக்கிறேன். சாயங்காலம் வந்து, அவரு எதிர்லயே நின்னு சொல்றேன். திருடுனதையும் சொல்றேன். ... உங்களப் பத்தி நான் சொல்ல மாட்டேன். நீங்க சொல்றதுன்னா சொல்லுங்க.

... சத்தியமா? இன்னா சத்தியம்? ... தனியாப் போவ மாட்டேன்னா? ... பண்ண மாட்டேன் அத்தே. இந்த அஞ்சு நாள்ல பொய் போதும். போவணும்னு தோணிச்சின்னா உங்ககிட்ட சொல்லிட்டுதான் போவேன். திருட்டுத்தனமா போவ மாட்டேன். அவ்ளோதான் என்னால சொல்ல முடியும்.

கொஞ்சம் நகருங்க. பொடவை மாத்தணும். ... நகருங்கத்தே. ... ஐயோ, கீழ உக்காராதீங்க. எழுந்திரிங்க. ... அழாதீங்க. நீங்க அழுதா எனக்குக் கால் வராதுன்னு உங்களுக்கு நல்லாத் தெரியும். அதான் சொல்றேன், அழாதீங்க. ... விடுங்க அத்தே, கொசுவத்தைப் புடிக்காதீங்க. விடுங்க. நான் போவணும்.

... மேரி? ... கீறியா? ... ஆமா, விட்டுட்டாங்க. ... வண்டி எப்ப? ... பன்னெண்டு பத்தா. ஆட்டோ புடிச்சா வந்துடலாம். ... கடையாண்ட நிக்க மாட்டேன், நேரா ஸ்டேஷனுக்குத்தான். ... வேணாம், பவுடரு ஒண்ணியும் வேணாம். உரியற தோலு உரியட்டும். கேட்டா தோல் ஒத்துக்கலன்னு சொல்லிக்கறேன். அது உண்மைதான.

... அவங்களா? தரையில உக்காந்து அழுவுறாங்க. ... ஆமா. நானும்தான். ... கண்ணுத்தண்ணி பட்ட எடம் எரியுதுடி. பரவால்ல.

வெச்சிடறேன்.