ஒரு கைப்பிடித் தையல்

— "ஒரிஜினலா?"ன்னு கடைக்காரன்கிட்ட கேட்டேன். அவன் நெஞ்சுல கையை வச்சு, "ஒரிஜினல் காப்பி, மேடம்"னான். எனக்குச் சிரிப்புத் தாங்கல. "காப்பியில என்னப்பா ஒரிஜினல்?"னேன். "இதைவிட நல்ல காப்பி இந்த ஊர்லயே கிடையாது மேடம், அதான்"ங்கிறான்!

— நல்ல மனுஷன். உன்கிட்ட உண்மையைச் சொல்லித்தான் வித்திருக்கான். நீதான் இங்க வந்து யார்கிட்டயும் சொல்றதில்ல.

— ஆரம்பிச்சுட்டியா? பத்து நாள் வெளிநாடு சுத்திட்டுக் காலு வீங்கி வந்திருக்கேன். அக்கா எப்படி இருக்கேன்னு ஒரு வார்த்தை கேட்டியா?

— எப்படி இருக்கே?

— நல்லாத்தான் இருக்கேன். உங்க அத்தானுக்கு ஒரு கடிகாரம் வாங்கினேன். அதுதான் விமானம் இறங்கறதுக்குள்ள நின்னுபோச்சு. இன்னும் அந்த ஊர் நேரத்தையே காட்டுது.

— இருக்கட்டும். போய்ட்டு வந்த ஞாபகார்த்தமா இருக்கும்.

— உன் வாயை முதல்ல தெக்கணும்டி. இங்க பாரு, இதைக் கையில எடுத்துப் பாரு. கல்யாணத்தன்னைக்கு மருமக கையில குடுக்கப்போறேன். உங்க கம்பெனிப் பைதான். மேல ஷோரூம்ல கண்ணாடிப் பெட்டிக்குள்ள உக்காந்திருக்கே, அதே பை.

— மேஜையில வைக்காதே, நூலுக்குப் போடற மெழுகு ஒட்டிக்கும். இப்படிக் குடு. ம்... மோந்து பார்த்தியா?

— பையை எதுக்குடி மோந்து பாக்கணும்?

— பசை நாத்தம். தோலே இல்ல இது, ரெக்சின். தையலைப் பாரு, அங்குலத்துக்கு அஞ்சு. நாங்க எட்டு போடுவோம். ஜிப்பு பாதி வழியில திக்குது. பேர்ல கடைசி எழுத்து தண்ணியில ஊறின மாதிரி உப்பியிருக்கு. அது கம்பெனி பேரா, வேற யாராவது பேரான்னே சந்தேகமா இருக்கு.

— உனக்குத் தெரியும். நீ இந்தப் பாதாள அறையில உக்காந்து பதினஞ்சு வருஷமா பை தெக்கிறவ. கல்யாணத்துக்கு வர்றவங்க பூதக்கண்ணாடியா எடுத்துட்டு வரப்போறாங்க?

— சரிதான்.

— அந்த ஒரு "சரிதான்"ல எவ்வளவு நக்கல்! இங்க பாரு, உன் முதலாளி மட்டும் யோக்கியமா? ஒரு பைக்கு உன் ஆறு மாசச் சம்பளத்தை விலையாப் போட்டிருக்கான். உன்னால அதை வாங்க முடியுமா?

— முடியாது. அதனால துணிப்பை தூக்கறேன். வாங்க முடியலைங்கிறதுக்காக அவன் பேரைத் திருடித் தோள்ல மாட்டிக்கணும்னு எனக்குத் தோணல.

— திருட்டா? காசு குடுத்துத்தானே வாங்கினேன்? அவன் கோடீஸ்வரன். நான் ஒரு பை வாங்கினா அவன் தெருவுக்கு வந்துடுவானா?

— வரமாட்டான். அவனுக்காக ஒண்ணும் நான் அழல. இதை எங்க வாங்கினே, அதைச் சொல்லு.

— அது பெரிய கதை! கடையில பார்த்தா வெறும் சட்டைதான் தொங்குது. "பை இருக்கா?"ன்னு காதோட கேட்டா, ஒருத்தன் பின்னாடி கூட்டிட்டுப் போறான். அலமாரியைத் தள்ளினா படிக்கட்டு! உங்க அத்தான் பயந்துட்டார். "போலீஸ் வந்தா பாஸ்போர்ட்டைப் பிடுங்கிடுவாங்க"ன்னு வாசல்லயே நின்னுட்டார். நான் விறுவிறுன்னு ஏறிட்டேன்.

— மேல என்ன?

— ஒரு பொம்பள தரையில உக்காந்து பேர்த் தகடு ஒட்டிட்டிருந்தா. உன் வயசுதான் இருக்கும். ஒரு ஜன்னல் கிடையாது. பசை நெடியில கண்ணெல்லாம் எரியுது. கைக்குட்டையால மூக்கைப் பொத்திக்கிட்டேதான் பேரம் பேசினேன். சொன்ன விலையில பாதிக்கு அடிச்சேன், தெரியுமா?

— அவ என்ன சொன்னா?

— யாரு?

— தகடு ஒட்டினவ.

— அவ எங்க பேசினா? இருமிட்டிருந்தா.

— பாதிக்கு அடிச்சேன்னியே, அந்த அடி கடைக்காரன் மேல விழுந்திருக்காது. அவ மேலதான் விழுந்திருக்கும்.

— ஆமா, உலகத்தைத் திருத்த உனக்கு என் கைப்பைதான் கிடைச்சுது. சரி, உபதேசம் போதும். உன் சாப்பாட்டு நேரம் முடியறதுக்குள்ள வந்த விஷயத்தைச் சொல்லிடறேன். உங்க பையோட அசல்னு காட்ட ஒரு அட்டை வருமே, நம்பர் போட்டு? அப்புறம் அந்த வெள்ளைத் துணி உறை. ரெண்டுலயும் ஒண்ணு குடு.

— எதுக்கு?

— எதுக்கா? பொண்ணு வீட்டுல பிரிச்சுப் பார்ப்பாங்க. அட்டை இருந்தா யாரும் வாயைத் தொறக்க மாட்டாங்க. பழசாகித் திரும்பி வர்ற பையோட அட்டையெல்லாம் உன் டிராயர்லதான் கிடக்குதுன்னு நீயே ஒரு நாள் சொன்னே.

— ரெண்டா வெட்டிப் போடத்தான் கிடக்குது. வெட்டினேன்னு ஒவ்வொண்ணுக்கும் கையெழுத்துப் போடறேன். ஒண்ணு குறைஞ்சாலும் என் வேலை போயிடும்.

— ஒரே ஒரு அட்டைடி. யாருக்குத் தெரியப்போகுது? கூடப்பொறந்தவளுக்காக இது கூடச் செய்ய மாட்டியா?

— கூடப்பொறந்தவ! அந்த வார்த்தை உனக்கு இந்த அறைக்குள்ள வந்தாத்தான் ஞாபகம் வருது.

— என்னடி அர்த்தம் அதுக்கு?

— ஒண்ணுமில்ல. நிச்சயத்தன்னைக்குச் சம்பந்தி அம்மாவுக்கு எங்க கம்பெனி பேர் போட்ட ஒரு சிவப்புப் பை குடுத்தியே, அதுவும் அந்தப் படிக்கட்டு ஏறி வாங்கினதுதானா?

— அது போன வருஷம் வேற ஊர்ல வாங்கினது, இதே மாதிரிதான். ஏன் கேக்கறே?

— கைப்பிடி பிச்சுக்கிச்சு.

— உனக்கெப்படித் தெரியும்?

— நீ ஊர்ல இல்லாதப்போ இங்க தூக்கிட்டு வந்தாங்க. பழுது பார்க்கிற கவுண்ட்டர்ல அன்னைக்கு நான்தான்.

— ஐயையோ! போலின்னு சொல்லிட்டியா? வாயைத் தொறந்து சொல்லேன்டி! கல்யாணத்துக்குப் பன்னெண்டு நாள்தான் இருக்கு!

— சொல்லல. போலி வந்தா அதுல ஊசியே வைக்கக் கூடாது, சிவப்புச் சீட்டைக் கட்டித் திருப்பிக் குடுத்துடணும். அதான் இங்க சட்டம். சீட்டைக் கையில எடுத்துட்டேன். "எங்க சம்பந்தி ஆசையாக் குடுத்ததும்மா"ன்னாங்க. சீட்டைக் கீழ வச்சுட்டேன். பையை வீட்டுக்கு எடுத்துட்டுப் போய்த் தெச்சு, அடுத்த நாள் குடுத்தேன். சூப்பர்வைசர் பார்த்திருந்தா அன்னைக்கே என்னை அனுப்பியிருப்பாரு.

— அப்பாடா! என் தங்கமே! இதை முதல்ல சொல்றதுக்கென்ன? உசிரே போய்த் திரும்பி வந்துச்சு.

— அவசரப்படாதே, இன்னும் முடியல. பழக்க தோஷத்துல ஒழுங்காத் தெச்சுட்டேன்.

— ஒழுங்காத் தெச்சா நல்லதுதானே?

— மெழுகு நூல், அங்குலத்துக்கு எட்டு. பிஞ்சது ஒரு கைப்பிடிதான், அதை மட்டும் தெச்சேன். இன்னொண்ணு அவன் போட்ட அஞ்சோட அப்படியே நிக்குது. அந்த அம்மா பையை வாங்கி, ரெண்டு கைப்பிடியையும் சேர்த்துப் பிடிச்சுப் பார்த்தாங்க. ரொம்ப நேரம் பார்த்தாங்க.

— பார்த்து?

— "உங்க தையலைப் பார்க்கிற வரைக்கும் மத்தது இவ்வளவு மட்டம்னு எனக்குத் தெரியலைம்மா"ன்னாங்க. அப்புறம் பையை முகத்துக்கிட்ட கொண்டுபோனாங்க. மோந்து பார்த்துட்டாங்க.

— போச்சு! மானம் போச்சு! உன்னை யாருடி எட்டு போடச் சொன்னா? அஞ்சு போட்டா கை ஒடிஞ்சிடுமா?

— ஒடியாது. வராது.

— ஊரெல்லாம் சொல்லிச் சிரிக்கப் போறா. அவங்க சொந்தம் மொத்தமும் என் கைப்பையை உத்து உத்துப் பார்க்கப் போகுது.

— சிரிக்கல. "குடுத்தவங்களுக்குத் தெரிய வேணாம், பாவம், சங்கடப்படுவாங்க. கல்யாணத்துக்கு இதையேதான் தூக்கிட்டு வருவேன்"னாங்க.

— பாவமா? நானா? என் மேல அவ பரிதாபப்படறாளா?

— அவங்களுக்கு நக்கல் பண்ண வராதுக்கா. நம்ம வீட்டுல எனக்கு மட்டும்தான் அது வருது. கிளம்பும்போது இன்னொண்ணும் கேட்டாங்க.

— இன்னும் என்ன?

— "உங்களை எங்கயோ பார்த்திருக்கேனே. நிச்சயத்துல ஒத்தாசைக்கு வந்திருந்தவங்கதானே?"

— அது... அது வந்துடி...

— அன்னைக்கு "இவங்க யாரு?"ன்னு அவங்க கேட்டப்போ நீதானே அப்படிச் சொன்னே? "தெரிஞ்ச பொண்ணு, கூடமாட ஒத்தாசைக்கு வந்திருக்கா." உன் பையன் "சித்தி"ன்னு வாயெடுத்தான். நீ கண்ணைக் காட்டினே, முழுங்கிட்டான். என் கையில காபித் தட்டு. ஒரு டம்ளர் கீழ விழாம நின்னேன்.

— அவங்க பெரிய இடம்டி. பை பழுது பார்க்கிறவன்னு எப்படிச் சொல்றதுன்னு... என்னமோ, வாய்ல வந்துடுச்சு. நீ என்ன சொன்னே அவங்ககிட்ட?

— "ஆமாம்மா, ஒத்தாசைக்குத்தான் வந்திருந்தேன்"னேன். உன் பைக்கும் சீட்டுக் கட்டல, உன் பேச்சுக்கும் கட்டல.

— அழறியாடி?

— இல்ல. ஊசியில நூல் கோக்கறேன்.

— சரி, விடு. அட்டையும் வேணாம், உறையும் வேணாம். இந்தச் சனியனை என்ன செய்யட்டும், நீயே சொல்லு.

— பையை என்னவோ பண்ணிக்கோ. நான் கேக்க நினைச்சது வேற. நீங்க புது வீட்டுக்குக் குடிபோன அன்னைக்கு என்னை "டெய்லர்"னே. பையன் பட்டம் வாங்கினப்போ, அத்தான் ஆபீஸ் ஆளுங்ககிட்ட "பக்கத்து வீட்டுப் பொண்ணு"ன்னே. ஒவ்வொரு தடவையும் கேட்டுடணும்னு உன் வீட்டுக்கு வருவேன். நீ ஒரு பிஞ்ச பையைக் கையில குடுப்பே. தெச்சுக் குடுத்துட்டு, கேக்காமயே திரும்பிடுவேன்.

— இப்பக் கேளு.

— அட்டை கேட்டப்போ ஒரு வார்த்தை சொன்னியே, கூடப்பொறந்தவன்னு. கல்யாணத்தன்னைக்கு அந்த அம்மா எதிர்ல வந்து நிக்கும்போது, என் கையைப் பிடிச்சுக்கிட்டு, அந்த வார்த்தையை அவங்க காதுபடச் சொல்லுக்கா.